செல்சுவர் ஆய்வில் போஸ்ட்டாக்: எந்தப் பாக்டீரியா, எந்த முறை, எந்த ஆய்வகம்?

முனைவர் பட்டம் முடியும் தறுவாயில் இருக்கும் ஒருவர், பாக்டீரியாவின் செல்சுவரை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பணிக்கு விண்ணப்பிக்க எண்ணும்போது, அவர் முன் மூன்று தேர்வுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: எந்தப் பாக்டீரியாவில் வேலை செய்வது, எந்த முறையைக் கைவரப் பெறுவது, யாருடைய ஆய்வகத்தில் சேர்வது. பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். புகழ்பெற்ற ஆய்வகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால், அங்கே எது வளர்க்கப்படுகிறதோ அதுவே தம் பாக்டீரியாவாகிவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. போஸ்ட்டாக் பணி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தம். அந்தக் காலத்துக்குள் ஒரு கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை தரக்கூடிய சோதனை எந்த உயிரியில் சாத்தியமோ, அந்த உயிரியை முதலில் தேர்ந்து, பிறகு முறையையும் ஆய்வகத்தையும் தேர்வதே நல்லது.

உயிரியின் தேர்வு ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, செல்சுவர் எத்தகைய பொருள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் ஆகிய இரண்டு சர்க்கரைகள் மாறி மாறி அமைந்த இழைகளைக் குறும் பெப்டைடுகள் குறுக்கே பிணைத்து, செல்லைச் சுற்றி ஒரே மூலக்கூறாக நிற்கும் பையே பெப்டிடோகிளைகான். அது ஒரே பெரும் மூலக்கூறு என்பதை வைடலும் பெல்சரும் 1964-இலேயே எடுத்துரைத்தார்கள். உள்ளிருந்து அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்க, அந்தப் பையை ஓரிடத்தில் அறுத்து, புதிய இழையை நுழைத்து, மீண்டும் பிணைத்தால்தான் செல் வளர முடியும். அறுப்பது ஒரு கணம் மிகுந்தாலும் செல் வெடித்துவிடும். இந்த வேலையைச் செய்யும் நொதிகளில் பல, ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று ஈடுசெய்யும் வகையில் அமைந்துள்ளன. எந்த நொதிக்கு எது ஈடாகும் என்பது சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடுவதால், ஒரு பாக்டீரியாவில் கண்ணுக்கே புலப்படாத உண்மை இன்னொன்றில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

இதற்கு ராட்-ஏ புரதத்தின் கதையைவிடச் சிறந்த சான்று இல்லை. சர்க்கரை இழைகளைப் பின்னுபவை பென்சிலின் சென்று ஒட்டிக்கொள்ளும் நொதிகளான பென்சிலின் பிணைப்புப் புரதங்களில் ஏ வகுப்பைச் சேர்ந்தவைதாம் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் அந்த வகுப்பின் முதன்மையான இரண்டு புரதங்களையும் ஒருசேர நீக்கினால் செல் இறந்துவிடுகிறது. ஆகவே அந்த நம்பிக்கையைச் சோதிக்க அங்கே எளிய வழி இல்லை. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸிலோ அந்த வகுப்பின் நான்கு மரபணுக்களையும் நீக்கிய பிறகும் செல்கள் மெலிந்தும் மெதுவாகவும் வளர்ந்தன என்று 2003-இல் தெரியவந்தது. சுவர் அப்போதும் உருவாகிக்கொண்டிருந்தது என்றால், பின்னுகிற வேறொரு நொதி இருந்தே ஆக வேண்டும். ராட்-ஏதான் அந்த நொதி என்று நிறுவப்பட்டது 2016-இல். ஈ. கோலையை மட்டுமே கண்டுகொண்டிருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது.

ஆனால் இதிலிருந்து பேசில்லஸே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுவரின் கட்டுமான அலகான லிப்பிட் 2 மூலக்கூறைச் சவ்வின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்குப் புரட்டுவது எது என்ற விவாதத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஈ. கோலையில் மர்-ஜே புரதம் இன்றியமையாதது. அதைச் செயலிழக்கச் செய்தால் புரட்டல் நின்றுவிடுகிறது என்று 2014-இல் காட்டப்பட்டது. பேசில்லஸில் அதையொத்த மரபணுக்களையெல்லாம் நீக்கிய பிறகும் செல்கள் வாழ்ந்ததால், மர்-ஜே அந்த வேலையைச் செய்வதாக இருக்க முடியாது என்று வாதிடப்பட்டு வந்தது. மர்-ஜேயுடன் வரிசை ஒற்றுமையே இல்லாத ஏ.எம்.ஜே. என்னும் இன்னொரு புரதம் பேசில்லஸில் அதே வேலையைச் செய்கிறது என்று 2015-இல் கண்டறியப்பட்ட பின்னரே அந்த முடிச்சு அவிழ்ந்தது. ஈடுசெய்யும் நொதிகள் ஓரிடத்தில் வழிகாட்டி, இன்னோரிடத்தில் வழிமறிக்கின்றன. ஆகவே, ஓர் ஆய்வகத்தின் திட்டத்தைப் படிக்கும்போது, ‘இந்தக் கேள்வியில் இந்தப் பாக்டீரியாவின் மாற்று நொதிகள் எனக்குத் துணையா, தடையா?’ என்று கேட்டுப் பார்ப்பதே முதல் சோதனை.

கருவிகளைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஏறத்தாழச் சமம். ஈ. கோலையில் 3985 மரபணுக்களைத் தனித்தனியே நீக்கிய கெயோ தொகுப்பு 2006-இலிருந்து கிடைக்கிறது. பேசில்லஸுக்கு, இன்றியமையா மரபணுக்களை கிரிஸ்பர் என்னும் மரபணுக் கருவி வழியே அடக்கிய தொகுப்பு 2016-இலும், முழு மரபணுத்தொகையையும் தழுவிய நீக்கல் தொகுப்பு 2017-இலும் வெளிவந்தன. பேசில்லஸ் தானாகவே டி.என்.ஏ.வை உள்வாங்கும் தன்மையுடையதால், பல மரபணு மாற்றங்களை ஒரே திரிபில் (மரபணு மாறிய பாக்டீரியா வகையில்) அடுக்குவது அங்கே மிகவும் எளிது. மேலும், சுவர்க் குறைபாடு உடைய சில பேசில்லஸ் திரிபுகள் வளர்ப்பு ஊடகத்தில் மக்னீசியம் மிகுந்திருந்தால் பிழைத்துக்கொள்கின்றன. கோல் வடிவத்தை ஆளும் எம்ரீ-பி புரதத்தை நீக்கிய திரிபு அவ்வாறு வளர்வது 2005-இல் காட்டப்பட்டது. இறந்துவிடும் திரிபைக் கையில் வைத்து ஆராயும் இந்த வசதியின் அருமை, ஈ. கோலையில் மரபணுவைப் படிப்படியாகக் குறைத்து, செல்கள் சிதைவதற்குள் அளவெடுக்க ஓடியவர்களுக்குத் தெரியும். மறுபுறம், ஈ. கோலையின் சுவர் சில நானோமீட்டர் தடிமனே கொண்டது, பெரும்பாலும் ஓரடுக்கு. ஆகவே ஒரு வேதிப் பிணைப்பு அறுந்தால் அதன் விளைவு அங்கே நேரடியாகத் தெரியும். பேசில்லஸின் தடித்த சுவரில் புதிய பொருள் உட்புறத்தில் சேர்ந்து, பழையது வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு உதிர்வதால், எந்த மாற்றம் எந்த அடுக்கில் நிகழ்ந்தது என்று பிரித்தறிவது கடினம்.

ஒன்றில் கண்டது மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று எண்ணி ஆய்வுத் திட்டம் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. செல் பிளவுபடும் இடத்தில் எஃப்.டி.எஸ்.-இசட் என்னும் பிளவுப் புரதத்தின் இழைகள் ஒரு முனையில் வளர்ந்து மறுமுனையில் கரைந்தபடி நகர்வது 2017-இல் இரண்டு பாக்டீரியாக்களிலும் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டது. பேசில்லஸில் அந்த நகர்வின் வேகமே பிளவின் வேகத்தைத் தீர்மானிப்பதாகத் தெரிந்தது, ஈ. கோலையிலோ நகர்வின் வேகத்தைக் குறைத்தபோதும் குறுக்குச் சுவர் உருவாகும் வேகம் பெரிதாக மாறவில்லை. இயந்திரம் ஒன்றே, அதை ஆளும் விதி வேறு. இந்த வேறுபாடே ஒரு போஸ்ட்டாக்குக்கு நல்ல கேள்வியாகலாம் என்றாலும், அதற்கு இரண்டு உயிரிகளையும் கையாளத் தெரிந்த ஆய்வகம் வேண்டும்.

மருத்துவப் பயனை நேரடியாகக் காண விரும்புவோரை, நோய் உண்டாக்கும் உருண்டை வடிவப் பாக்டீரியாவான ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஈர்க்கிறது, நியாயமாகவே ஈர்க்கிறது. மெத்திசிலினை எதிர்க்கும் திரிபுகள் கூடுதலாகப் பெற்றிருக்கும் பி.பி.பி.2ஏ என்னும் பென்சிலின் பிணைப்புப் புரதம், வான்கோமைசின் மருந்து பற்றிக்கொள்ளும் டி-அலனைன் இணை, பெப்டைடுகளைக் குறுக்கே இணைக்கும் ஐந்து கிளைசின் பாலம் என, சுவரின் ஒவ்வோர் உறுப்பும் நோயாளியின் சிகிச்சையோடு தொடர்புடையது. நொதிகளின் எண்ணிக்கையும் குறைவு: இயல்பாக நான்கே பென்சிலின் பிணைப்புப் புரதங்கள், அவற்றில் ஏ வகுப்பைச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. ஈடுசெய்யும் நொதிகளின் குழப்பத்தால் சலித்தவருக்கு இந்த எளிமை பெரிய ஆறுதல். சுவரின் இயற்பியலும் இங்கே வளமானது; பிளவு முடிந்த இரு சேய்ச் செல்கள் விரிசல் பரவுவதைப் போல ஒரு சில மில்லி நொடிகளில் பிரிந்துவிடுகின்றன என்று 2015-இல் கண்டார்கள். ஆனால் ஏறத்தாழ ஒரு மைக்ரான் குறுக்களவே உடைய உருண்டையில், நுண்ணோக்கிக்குக் காட்டிக் கொடுக்கும் நீளவாக்கு அச்சு இல்லை. வெளி டி.என்.ஏ.வை வெட்டிப் போடும் தடுப்பு நொதிகள் இருப்பதால், பெரும்பாலும் முதலில் அந்தத் தடுப்புக் குறைந்த ஆர்.என்.4220 போன்ற திரிபில் செலுத்தி, அங்கிருந்து மருத்துவத் திரிபுக்கு மாற்ற வேண்டியிருக்கும். பேசில்லஸில் ஒரு வாரத்தில் முடிவது இங்கே பல வாரங்களை விழுங்கும் என்பதைத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காசநோய்க் கிருமியைப் பற்றி இன்னும் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அறிவியல் ஈர்ப்பும் காலச் சிக்கலும் அங்கேதான் மிகக் கடுமையாக மோதுகின்றன. அக்கிருமி சேர்ந்த மைக்கோபாக்டீரியம் இனத்தின் உறையில் பெப்டிடோகிளைகானுக்கு மேல் அராபினோகேலக்டான் என்னும் சர்க்கரைத் தொடர், அதற்கும் மேல் மைக்கோலிக் அமிலங்கள் என்னும் கொழுப்புகள் என அடுக்குகள் வேதிப் பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. காசநோய் மருந்துகளில் ஐசோனியசிட் மைக்கோலிக் அமிலத் தயாரிப்பையும், எத்தாம்புடால் அராபினோகேலக்டான் தயாரிப்பையும் தாக்குகின்றன. ஈ. கோலை போல் பக்கவாட்டுச் சுவரில் வளராமல் இவை முனைகளில் வளர்கின்றன. ஒரு பெப்டைடின் நான்காம் அமினோ அமிலத்தை மற்றதன் மூன்றாவதோடு இணைப்பவையும் பென்சிலின் தடுப்பவையுமான வழக்கமான 4-3 பிணைப்புகளைவிட, எல்,டி-டிரான்ஸ்பெப்டிடேஸ் என்னும் நொதிகள் மூன்றாவதையும் மூன்றாவதையும் இணைத்து உண்டாக்கும் 3-3 பிணைப்புகளே இவற்றில் மிகுதி. அடிப்படை உயிரியலிலும் மருந்து ஆய்விலும் இவ்வளவு திறந்த கேள்விகள் ஒருசேரக் கிடைக்கும் இடம் செல்சுவர்த் துறையில் வேறில்லை என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கணக்கு இரக்கமற்றது. ஈ. கோலை உகந்த ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸுக்கு ஏறத்தாழ ஒரு நாள் தேவை. வளர்ப்புத் தட்டில் பாக்டீரியாக் கூட்டம் தென்பட மூன்று முதல் நான்கு வாரம். மரபணு ஒன்றை நீக்கி, அது நீங்கியதை உறுதிசெய்து, மீண்டும் அதே மரபணுவைச் செலுத்திக் குறை நீங்குவதைக் காட்ட, எல்லாம் சரியாக நடந்தாலே பல மாதங்கள் ஆகும். மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில் பயிற்சி பெறவும் அனுமதி பெறவும் ஆகும் காலம் அதற்கு முன்பே கழிந்துவிடும். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இத்தகைய சுழற்சிகள் எத்தனை அடங்கும் என்று விண்ணப்பிப்பவர் தாமே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கருதுகோள் பொய்த்துப் போனால் இன்னொன்றைத் தொடங்கக் காலம் மிஞ்சுமா என்பதே உண்மையான கேள்வி. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் இரட்டிக்கும், நோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸில் கேள்வியை முழுவதுமாகத் தீர்த்துவிட்டு, இறுதிச் சோதனைகளை மட்டும் காசநோய்க் கிருமியில் செய்யும் ஆய்வகமாக இருந்தால் தயங்காமல் சேரலாம். முதல் நாளிலிருந்தே காசநோய்க் கிருமியில்தான் எல்லாம் என்றால், முனைவர் பட்டக் காலத்திலேயே அதைக் கையாண்டவருக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிமோகாக்கஸ் பேசில்லஸைப் போலவே டி.என்.ஏ.வை எளிதில் ஏற்கும், மருத்துவப் பொருத்தமும் உடையது. கோலுக்கும் உருண்டைக்கும் இடைப்பட்ட அதன் வடிவமே ஒரு நல்ல கேள்வி. காலோபாக்டர் செல்சுழற்சியோடு சுவர் வளர்ச்சியை இணைத்துப் பார்க்க உகந்தது. கிளமிடியாவில் பெப்டிடோகிளைகான் இருப்பதே பல பத்தாண்டுகள் ஐயத்துக்குரியதாக இருந்து, 2014-இல்தான் நேரடியாகக் காட்டப்பட்டது; மரபியல் கருவிகள் குறைந்த அத்தகைய உயிரியில் இறங்குவோர், வேதியியல் கருவிகளில் வலுவாக இருக்க வேண்டும்.

இப்போது முறைக்கு வருவோம். இந்தத் துறையில் இன்று மிகவும் கவர்ச்சியாகத் தோன்றுவது ஒளிர் நுண்ணோக்கி. ஒளிரும் டி-அமினோ அமிலங்கள் 2012-இல் வந்த பிறகு, உயிருள்ள செல்லில் சுவர் எங்கே உருவாகிறது என்பதைச் சில நிமிடங்களில் படமாக்க முடிகிறது. படங்கள் அழகானவை, கட்டுரைகளில் எடுப்பாக நிற்பவை; ஆனால் படம் மட்டுமே கற்றுக்கொண்டு வெளியேறும் போஸ்ட்டாக் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோல் வடிவத்தை ஆளும் எம்ரீ-பி, செல்லின் நீளவாக்கில் திருகுசுருளாக ஓடுகிறது என்று 2001 முதல் பத்தாண்டுகள் பாடநூல்களில்கூட வரையப்பட்டது. அது சிறு துண்டுகளாகச் செல்லின் சுற்றளவை ஒட்டி நகர்கிறது என்றும், அந்த நகர்வைச் சுவர் உருவாக்கமே இயக்குகிறது என்றும் 2011-இல் மூன்று குழுக்கள் காட்டின. ஈ. கோலையில் கண்ட சுருளுக்கு, புரதத்தின் முனையில் ஒட்டப்பட்ட ஒளிர்புரதமே காரணம் என்று 2012-இல் தெளிவாயிற்று. ஒளிரும் டி-அமினோ அமிலங்களிலும் இதையொத்த கண்ணி உண்டு: அவற்றைச் சுவரில் சேர்ப்பவை பெரும்பாலும் வெளிப்புறத்தில் பெப்டைடுகளை மாற்றும் நொதிகளே, ஆகவே ஒளிரும் இடமெல்லாம் புதிய இழை பின்னப்படும் இடம் என்று கொள்ளக் கூடாது.

உயிர்வேதியியல் பாதை இதற்கு நேர் எதிர்: மெதுவானது, கண்ணைக் கவராதது, ஆனால் முடிவு உறுதியானது. லிப்பிட் 2 ஓர் ஈ. கோலை செல்லில் ஏறத்தாழ ஆயிரம் முதல் இரண்டாயிரம் மூலக்கூறுகளே உள்ளது. அதைத் தயாரிப்பதும் தூய்மைப்படுத்துவதும் தனிக்கலை. சவ்வில் புதைந்த புரதங்களைச் செயல்திறன் குன்றாமல் பிரித்தெடுப்பது இன்னொரு கலை. லிப்பிட் 2 தயாரிக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கும் ஆய்வகத்தில் மட்டுமே இந்தப் பாதையைத் தொடங்க வேண்டும். எவருமில்லாத இடத்தில் தொடங்கினால், முதலாண்டு முழுவதும் அதிலேயே போய்விடும். மரபியல் பாதை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குறைபாட்டை நீக்கும் இரண்டாவது பிறழ்வைத் தேடும் பழைய உத்தி இன்றும் எதிர்பாராத புரதங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது, செலவும் குறைவு. ஆனால் கிடைத்த மரபணு என்ன செய்கிறது என்று சொல்ல, மீண்டும் உயிர்வேதியியலின் கதவைத்தான் தட்ட வேண்டும். அணுநிலை அமைப்பைக் காணும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியைப் பொறுத்தவரை, ஏற்கெனவே அமைப்பு உயிரியலில் பயின்றவருக்கு அது மிகச் சிறந்த வாய்ப்பு; பிறருக்கு அது தனிப் பயிற்சியாகவே நீளும்.

எந்தப் பாதையில் சென்றாலும் ஒன்றை விடாமல் கற்க வேண்டும் என்பேன்: செல்களைக் கொதிக்கும் எஸ்.டி.எஸ். என்னும் சவர்க்காரக் கரைசலில் இட்டுச் சுவர்ப் பையைத் தனியே பிரித்து, சர்க்கரை இழைகளை வெட்டும் மியூராமிடேஸ் நொதியால் துண்டாக்கி, எச்.பி.எல்.சி. என்னும் திரவப் பிரிப்புக் கருவியிலும் நிறை நிறமாலைமானியிலும் அந்தத் துண்டுகளான மியூரோபெப்டைடுகளைப் பகுத்தறியும் முறை. 1988-இல் கிளவுனர் ஒழுங்குபடுத்திய அந்த முறை இன்றும் இத்துறையின் உரைகல். குறுக்குப் பிணைப்பு எத்தனை விழுக்காடு, இழையின் சராசரி நீளம் என்ன, எந்தப் பிணைப்பு மிகுந்தது, எது குறைந்தது என்று எண்களில் பேச வைப்பது அதுதான். திரிபின் வடிவம் மாறியிருப்பதைப் படத்தில் கண்டு ஒரு நொதியின் பெயரைச் சொல்லிவிடும் அவசரத்திலிருந்து அது நம்மைக் காக்கும்.

உயிரி, முறை ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது நான் கண்டவரையில் நம்பத்தக்க விதி. ஈ. கோலையில் மரபியல் செய்தவர் ஈ. கோலையிலேயே உயிர்வேதியியலுக்குச் செல்லலாம். அல்லது மரபியலை வைத்துக்கொண்டு பேசில்லஸுக்கோ ஸ்மெக்மாடிஸுக்கோ செல்லலாம். இரண்டையும் ஒருசேர மாற்றியவர், சோதனை தோற்றால் பிழை உயிரியிலா, தம் கையிலா என்று தெரியாமல் திண்டாடுவார். இரண்டையும் மாற்றாதவரோ முனைவர் பட்ட ஆய்வையே நீட்டித்துக்கொண்டிருப்பார். தனி ஆய்வாளராகப் பின்னாளில் விண்ணப்பிக்கும்போது, ‘உங்கள் வழிகாட்டியிடமிருந்து நீங்கள் எவ்வாறு வேறுபடுகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது.

ஆய்வகத்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. பெரிய ஆய்வகத்தில் திரிபுகளும் கருவிகளும் அனுபவசாலிகளும் நிறைந்திருப்பார்கள். ஆனால் ஒரே நொதியைப் பக்கத்து மேசையில் இன்னொருவரும் ஆராயக்கூடும், வெளியேறும்போது கேள்வி அங்கேயே தங்கிவிடக்கூடும். புதிதாகத் தொடங்கிய சிறிய ஆய்வகத்தில் தலைவரே உடன் நின்று வேலை செய்வார், கேள்வி உருவாவதில் உங்களுக்கும் பங்கிருக்கும். ஆனால் நிதி ஒரே நல்கையைச் சார்ந்திருந்தால் அது முடியும் நாளே உங்கள் பணியும் முடியும் நாள். செல்சுவர்த் துறை சிறியது, ஏறத்தாழ எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆகவே முன்னாள் போஸ்ட்டாக்குகளிடம் விசாரித்தால் உண்மை கிடைத்துவிடும். அவர்கள் வெளியேறும்போது எந்தத் திரிபுகளை எடுத்துச் சென்றார்கள், எந்தக் கேள்வியைத் தொடர அனுமதி பெற்றார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். மருந்து நிறுவனத்துக்குச் செல்லும் எண்ணம் உள்ளவர், முன்னாள் போஸ்ட்டாக்குகளில் எத்தனை பேர் அவ்வாறு சென்றார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மியூரோபெப்டைடு பகுப்பாய்வும், எதிர்ப்புத் திரிபுகளைத் தேர்ந்தெடுத்து மருந்தின் இலக்கைக் கண்டறியும் திறனும் அங்கே நேரடியாகப் பயன்படுபவை.

ஈ. கோலையிலும் பேசில்லஸிலும் ஒரே தரமுள்ள இரண்டு வாய்ப்புகள் கையில் இருந்து, கேள்வி அறுக்கும் நொதிகளும் பின்னும் நொதிகளும் எவ்வாறு ஒத்திசைகின்றன என்பதாக இருந்தால், நான் பேசில்லஸைத் தேர்வேன். அங்கே சுவரை விரிப்பதற்கான அறுப்பு, லைட்-ஈ, சி.டபிள்யூ.எல்.-ஓ என்ற இரண்டு நொதிகளைச் சார்ந்தே நிற்கிறது. ஒன்றை நீக்கினால் செல் பிழைக்கும், இரண்டையும் நீக்கினால் பிழைக்காது. ஆகவே ஒன்றை நீக்கிவிட்டு மற்றதைக் கட்டுப்படுத்துவது எது என்று தேடலாம். ஈ. கோலையில் அதையொத்த மெப்-எஸ், மெப்-எம், மெப்-எச் என மூன்று நொதிகளோடு மல்லாட வேண்டும். கேள்வி, சுவருக்கு வெளியே ஈ. கோலையைச் சூழ்ந்திருக்கும் வெளிச்சவ்வுக்கும் சுவருக்கும் உள்ள தொடர்பு என்றாலோ, பேசில்லஸில் வெளிச்சவ்வே இல்லை, அங்கே ஈ. கோலையைத் தவிர வேறு எதையும் எண்ண மாட்டேன். வெளிச்சவ்வும் சுமை தாங்கும் உறுப்பே என்று 2018-இல் காட்டப்பட்ட பிறகு, அந்தப் பக்கம் செய்ய வேண்டிய வேலை ஏராளமாகக் காத்திருக்கிறது.